கம்பத்துப் பக்கக் கட்டம்

துண்டு உங்களுதா அண்ணாச்சி? இந்தாங்க, பிடிங்க. கோவிச்சுக்கிடாதீங்க. ஜன்னல் வழியா துண்ட எறிஞ்சா சீட்டு நம்மளுதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? நான் படி வழியா ஏறி, கூட்டத்துல இடிபட்டு, மொறையா வந்து உக்காந்திருக்கேன். துண்டுக்கு டிக்கெட் எடுத்திருக்கீளா? இல்லல்ல. சரி, பக்கத்துல இடம் இருக்கு, உக்காருங்க. திருநெல்வேலிக்குத்தான? நானும் அங்கதான். கத்துதேன்னு நினைக்காதீங்க, என் கொரலே இதுதான். மைதானத்துல பேசிப் பேசி இப்படி ஆயிப்போச்சு.

வாத்தியார்தான். என்ன பாடமா? பி.டி.

பாத்தீளா, உங்க மூஞ்சி மாறுது. எல்லாருக்கும் மாறும். கணக்கு வாத்தியார்னா எந்திரிச்சு நிப்பாவ. பி.டி.ன்னா, "ஓ, விசில் ஊதுத வாத்தியாரா"ம்பாவ. என் பீரியட எல்லாரும் கடனா கேப்பாவ. "பூதலிங்கம் சார், பரீட்ச வருது, உங்க பீரியட எனக்குக் குடுங்க." குடுக்க மாட்டேன். ஒரு தடவ கூட குடுத்ததில்ல. அதனால ஸ்டாஃப் ரூம்ல எனக்கு டீ சொல்ல மாட்டாவ. சொல்லாண்டாம். பிள்ளைக எனக்கு வச்சிருக்கப் பேரு பூதம். பூதலிங்கம், பூதம். நல்ல பேருதான், எனக்கு வருத்தம் கெடையாது.

நீங்க கேக்கலைன்னாலும் சொல்லுதேன். போற வரைக்கும் பேச ஆளு வேணும்லா.

எங்க பள்ளிக்கூடம் அரசாங்க உதவி வாங்குத பள்ளிக்கூடம். சம்பளம் அரசாங்கம், அதிகாரம் தாளாளர். வேலாயுதம்னு பேரு. வெள்ள வேட்டி, வெள்ளச் சட்ட, பேச்சும் மெதுவாத்தான் இருக்கும். அந்த மனுசன் கத்தி நான் பாத்ததே இல்ல. நான்தான் கத்துவேன். அதனால ஊர்ல யாரு நல்லவன், யாரு மோசம்னு கேட்டா எல்லாரும் என்னையத்தான் கைகாட்டுவாவ.

எங்க பொம்பளப்பிள்ளைக கோ-கோ டீமு இந்த வருசம் மாவட்டத்துல ஜெயிச்சுது. கோ-கோ தெரியுமா அண்ணாச்சி? தெரியாதா? கபடி தெரியும், கிரிக்கெட் தெரியும், இது மட்டும் யாருக்கும் தெரியாது. ரெண்டு கம்பம். நடுவுல வரிசையா எட்டுக் கட்டம். வெரட்டுத டீமு கட்டத்துக்கு ஒருத்தியா உக்காந்திருப்பா. ஒருத்தி இந்தப் பக்கம் பாத்து உக்காந்தா, அடுத்தவ அந்தப் பக்கம் பாத்து உக்காரணும். மாத்தி மாத்தி. ஒருத்தி மட்டும் எதிர் டீமு பிள்ளைகள வெரட்டுவா. அவளால முடியலன்னா, உக்காந்திருக்கவ முதுகுல தட்டி "கோ"ன்னு சத்தமாச் சொல்லணும். சொன்ன பெறவுதான் அவ எந்திரிக்கணும். சொல்லாம எந்திரிச்சா ஃபவுல். இவ்வளவுதான் வெளையாட்டு. ஆனா ஆடிப் பாத்தாத்தான் தெரியும், மூச்சு போயிரும்.

கம்பத்துப் பக்கத்துக் கடைசிக் கட்டம் இருக்கே, அதுதான் கஷ்டம். அங்க உக்காருதவ, எந்திரிச்ச கையோட கம்பத்தச் சுத்திப் பாஞ்சு பிடிக்கணும். முழங்காலு தேயும், மோவாக்கட்ட, அந்த நாடி தேயும். எங்க டீமுல அந்தக் கட்டம் முப்பிடாதிக்கு. அம்மா பீடி சுத்துதா, அப்பன் இல்ல. அந்தப் பிள்ள பாஞ்சான்னா ஓடுதவளுக்கு எங்க இருந்து வந்தான்னே தெரியாது. நான் அவள ஒரு நாளும் பாராட்டினதில்ல. பாராட்டினா கெட்டுப்போவாவ. அவ பாஞ்சு பிடிச்சா, "இன்னும் ரெண்டு அடி முன்னாலயே பிடிச்சிருக்கணும்"ன்னு திட்டுவேன். எனக்கு வேண்டியவ, வேண்டாதவன்னு யாரும் கெடையாது அண்ணாச்சி. எல்லாரும் ஒண்ணுதான்.

ஜெயிச்ச டீமுல நல்லா ஆடுத பிள்ளைக்கு விளையாட்டு விடுதில இடம் உண்டு. சாப்பாடு, படிப்பு, பயிற்சி, எல்லாம் அரசாங்கமே பாத்துக்கிடும். முப்பிடாதிக்கு அது கெடைச்சா பீடித்தட்டு மடியில ஏறாது. கெடைக்கலன்னா, பத்தாவதோட நிறுத்தி தட்ட மடியில வச்சிருவாவ. அவ அக்காளுக்கு அப்படித்தான் ஆச்சு.

ஜெயிச்ச மறுவாரம் தாளாளர் வீட்டுக்கு வரச்சொன்னாரு. போனேன். முறுக்கு வச்சாரு. நான் தொடல. "பூதலிங்கம், நம்ம பேத்தி வர்ஷிதா இங்கதான இங்கிலீஷ் மீடியத்துல படிக்கா. சர்டிபிகேட்டுக்கு அனுப்புத டீமு லிஸ்டுல அவ பேரையும் போட்டிருங்க"ன்னாரு.

"டீமு பன்னெண்டு பேருதான் அய்யா. பதிமூணாவது ஆளுக்கு எடம் கெடையாது"ன்னேன்.

"கூட்ட வேண்டாம், மாத்திருங்க. அந்த பீடிக்காரப் பிள்ள பேர எடுத்துட்டு இவ பேர வைங்க. அதுக்கு எதுக்கு சர்டிபிகேட்? நாளைக்கு கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிரும். வர்ஷிதாவுக்குன்னா காலேஜ்ல சேர உதவும்லா. வெறும் பேருதான பூதலிங்கம்."

வெறும் பேருதானாம்! எனக்கு வந்த கோவத்துக்கு அந்த முறுக்குத் தட்ட எத்தியிருப்பேன். எத்தல. "வெறும் பேருன்னா, பள்ளிக்கூட வாசல் ஆர்ச்சுல இருக்க உங்க பேர எடுத்துட்டு என் பேர எழுதிக்கிடலாமா அய்யா?"ன்னு கேட்டேன். மெதுவாத்தான் கேட்டேன். அவரு சம்சாரம் அடுக்களைல இருந்து ஓடியாந்து எட்டிப் பாத்தாவ.

அந்த லிஸ்டுல நான் கையெழுத்துப் போடல. போட மாட்டேன்னு தெரிஞ்சதும் என்ன செஞ்சாவ தெரியுமா? டிராயிங் மாஸ்டர் அருணாசலத்த பி.டி. பொறுப்புன்னு ஆக்கி, அவன் கையால பேர மாத்தி மாவட்ட ஆபீஸுக்கு அனுப்பிட்டாவ. அருணாசலம்! அவனுக்குப் பந்துன்னா வட்டம், வரையத் தெரியும், அவ்வளவுதான். கம்பம் ரெண்டா மூணான்னு கேட்டா முழிப்பான். சட்டையப் பிடிச்சிட்டேன். "என்னவே செஞ்சீரு?"ன்னேன். "சார், எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு"ங்கான். எனக்கு மட்டும் என்ன, ஆட்டுக்குட்டியா இருக்கு?

எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு அம்மா. ஜெபமணி டீச்சர். தமிழம்மாவா இருந்து ஹெச்.எம். ஆனவங்க. அவங்களப் பத்திச் சொல்லணும்னா, முதுகெலும்பு இல்லாத ஆளு. தாளாளர் கார் சத்தம் கேட்டாலே கொரல் நடுங்கும். நேரா போயி அவங்க முன்னால நின்னேன். "டீச்சர், நம்ம பிள்ளைக்கு அநியாயம் நடக்கு, நீங்க பேசாம இருக்கீய"ன்னு கத்தினேன். எல்லா கிளாஸுக்கும் கேட்டிருக்கும். அந்தம்மா கண்ணாடியக் கழத்தித் தொடச்சாவ. தொடச்சிக்கிட்டே இருந்தாவ. "நீங்க சத்தம் போடாதீங்க சார். சத்தம் போட்டா உங்கள வெளிய அனுப்பிருவாங்க, அப்புறம் அந்தப் பிள்ளைக்கு யாரு?"ன்னாவ. பேச்சப் பாத்தீளா? பயந்தாங்கொள்ளிகளுக்கு இப்படி ஏதாவது ஒரு நியாயம் கெடைச்சிரும்.

பெறவு யாரோ மாவட்ட விளையாட்டு அதிகாரிக்கு போன் போட்டிருக்காவ. பேர் சொல்லாத போன். எனக்கு அந்த வேலையே பிடிக்காது. சொல்லுததுன்னா பேரச் சொல்லி மூஞ்சிக்கு நேரா சொல்லணும். எல்லாரும் நான்தான் பேசுனேன்னு நினைச்சிட்டாவ. தாளாளரும் அப்படித்தான். ஆனா அந்த அதிகாரி என்கிட்ட ரகசியமா சொன்னாரு, "ஒரு பொம்பளக் குரல் சார், நடுங்கி நடுங்கிப் பேசுச்சு, ஆனா தமிழ் சுத்தமா இருந்துச்சு. நான் 'முப்புடாதி'ன்னு சொன்னதுக்கு, 'முப்பிடாதி'ன்னு திருத்துச்சு"ன்னாரு. யாராவது ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற பொம்பளையா இருக்கும். எங்க ஊர்ல அவ்வளவு தைரியம் உள்ள பொம்பள யாரு இருக்கா?

விசாரணைன்னு அந்த அதிகாரி வந்தாரு. அதுக்குள்ள தாளாளர் ஊரெல்லாம் சொல்லி வச்சிட்டாரு, "பூதலிங்கம் வாயத் தொறந்தா மொத்த டீமும் கேன்சல். பன்னெண்டு பிள்ளைக வாழ்க்கையும் போச்சு"ன்னு. மத்த பிள்ளைக அப்பன் ஆத்தா எல்லாம் என் வீட்டு வாசல்ல. ஒருத்தி என் வீட்டுக்காரி கையப் பிடிச்சிக்கிட்டு அழுதா. "ஒரு பிள்ளைக்காக மத்த பிள்ளைகள அழிக்காதீக"ன்னா. எனக்கும் பயம் வந்துச்சு அண்ணாச்சி, இல்லன்னு சொல்லல. அதுக்காக விட்டுக்குடுக்க முடியுமா? இன்னைக்கு முப்பிடாதி பேர எடுத்தவன் நாளைக்கு அந்த அழுதவ மக பேர எடுப்பான். அதத்தான் அவகிட்ட கத்திச் சொன்னேன். புரிஞ்சுதோ என்னவோ, போயிட்டா.

விசாரணை அன்னைக்கு அதிகாரி ஆபீஸ் ரூம்ல உக்காந்தாரு. தாளாளரு காபி, கேக்கு எல்லாம் ஏற்பாடு. அருணாசலம் வந்து, வர்ஷிதா நல்லா ஆடுவா, நான்தான் பயிற்சி குடுத்தேன்னு சொல்லுதான். வாய் கூசாம சொல்லுதான்! நான் என்ன சொன்னாலும், "இவருக்குத் தாளாளர் மேல கோவம், எப்பவும் இப்படித்தான் கத்துவாரு"ன்னுட்டாவ. நான் கத்தினேன் வேற. அதிகாரி மூஞ்சியே சுருங்கிருச்சு.

அப்ப அந்த ஹெச்.எம். அம்மா எந்திரிச்சாவ. "அய்யா, பிள்ளைங்க எல்லாரும் மைதானத்துல உடுப்பு போட்டு நிக்கிறாங்க, ஒரு தடவ பார்த்திருங்களேன்"ன்னாவ. யாரு வரச்சொன்னான்னு தெரியல, பன்னெண்டு பிள்ளைகளும் அங்க நிக்குதாவ, முப்பிடாதியும் நிக்கா, வர்ஷிதாவும் புது ஷூ போட்டு நிக்கா. வெயிலு மண்டையப் பொளக்குது. அந்தம்மா என்னயப் பாத்து, "பூதலிங்கம் சார், வெயிலா இருக்கே, எப்பவும் உக்கார்ற மாதிரி பிள்ளைங்கள உக்கார வைங்க. வர்ஷிதாவும் அவ எடத்துல உக்காரட்டும்"ன்னாவ.

அந்தம்மா வெயிலுக்காகச் சொன்னாவ. ஆனா எனக்கு அந்த நிமிசம் மண்டைக்குள்ள வெளக்கு எரிஞ்சுது பாத்துக்கிடுங்க! வெளையாடின பிள்ளைக்கு அவ கட்டம் தெரியும். எந்தப் பக்கம் பாத்து உக்காரணும்னு தூக்கத்துல கேட்டாலும் தெரியும். விசில் ஊதினேன். "போங்கட்டி, அவங்கவங்க கட்டத்துல உக்காருங்க"ன்னேன்.

பிள்ளைக ஓடிப்போயி டக் டக்குன்னு உக்காந்துச்சு. ஒண்ணு கெழக்க, ஒண்ணு மேக்க. கம்பத்துப் பக்கத்துக் கடைசிக் கட்டம் மட்டும் காலியா கெடக்கு. முப்பிடாதி கோட்டுக்கு வெளிய நிக்கா, கைய பின்னால கட்டிக்கிட்டு. அவ பேருதான் டீமுல இல்லயே. வர்ஷிதா மெதுவா நடந்து போயி அந்தக் கட்டத்துல உக்காந்தா. உக்காந்தா பாருங்க, பக்கத்துக் கட்டத்துல இருக்கவ எந்தப் பக்கம் பாத்திருக்காளோ அதே பக்கம் பாத்து உக்காந்துட்டா! சம்மணம் போட்டு வேற உக்காந்துட்டா, பந்தியில எலைக்கு முன்னால உக்காருத மாதிரி. பிள்ளைக ஒண்ணும் சிரிக்கல. அதுதான் எனக்குச் சங்கடமா இருந்துச்சு. ஒரு பிள்ள கூட சிரிக்கல.

அதிகாரி வெளையாட்டுத் தெரிஞ்ச மனுசன். ஒரு பார்வையிலயே கண்டுக்கிட்டாரு. தாளாளர் பக்கம் திரும்பினாரு. தாளாளர், "குழந்தைக்குப் பதட்டம்"ன்னாரு. "சரி, ஒரு ஆட்டம் ஆடட்டும்"ன்னாரு அதிகாரி. வெரட்டுத பிள்ள ஓடி வந்து வர்ஷிதா பின்னால நின்னா. கைய ஓங்கினா. தட்டல. "கோ"ன்னும் சொல்லல. சும்மா நிக்கா.

அந்தப் பிள்ள வர்ஷிதா தானா எந்திரிச்சிருச்சு. "சார், நான் ஆடல. இது முப்பிடாதி எடம். எனக்கு வேண்டாம்னு தாத்தாகிட்ட நான் அப்பவே சொன்னேன்"ன்னு சொல்லி அழுதுருச்சு.

நான் விசில் ஊதிட்டேன். கோ சொல்லாம எந்திரிச்சா ஃபவுலுலா? பழக்கம், வாய்க்குப் போயிருச்சு. எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாத்தாவ. ஹெச்.எம். அம்மா தலையில கைய வச்சுக்கிட்டாவ. என்ன செய்ய? விதின்னா விதிதான். ஆனா அந்தப் பிள்ள மேல எனக்குக் கோவம் இல்ல அண்ணாச்சி. மறுநாள்ல இருந்து காலையில மைதானத்துக்கு வந்து ஓரமா நிக்குது. நானும் தொரத்தல. "சும்மா நிக்கதுக்குப் பதிலா ஓடு"ன்னேன். ஓடுது. மோசமாத்தான் ஓடுது.

அதிகாரி அங்கேயே வர்ஷிதா பேர அடிச்சிட்டு முப்பிடாதி பேர எழுதினாரு. டீமும் கேன்சல் ஆகல. ஆனா ஒரு கண்டிசன். ஏற்கெனவே பேரு கொழம்பிப் போனதுனால, திருநெல்வேலி விடுதியில சரிபாக்குத அன்னைக்குப் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியாரு நேர்ல வரணும். பணியில இருக்க வாத்தியாரு. வந்து, இந்தப் பிள்ளதான் ஆடினதுன்னு சொல்லணும். அந்தச் சரிபாக்குதது இன்னைக்கு.

தாளாளர் லேசுப்பட்ட ஆளா? எனக்கு மாத்தல் போட்டுட்டாரு. அவரு டிரஸ்டுக்கு மல மேல ஒரு கிளைப் பள்ளிக்கூடம் இருக்கு. அங்க மைதானமே கெடையாது, சரிவுதான். பந்த விட்டா அடிவாரத்துக்கு வந்துதான் எடுக்கணும். ஆர்டர் கையில வாங்கின மறுநாள் சாயங்காலத்துக்குள்ள அங்க போயிச் சேரணும், சேரலன்னா சஸ்பெண்டு. சஸ்பெண்டு ஆன வாத்தியாரு சொல்லு செல்லுமா? செல்லாது. அதான் கணக்கு.

அதுலயும் இந்த ஹெச்.எம். அம்மா செஞ்ச கூத்தக் கேளுங்க. ஆர்டர் போன வாரமே வந்திருக்கு. வந்தத எடுத்து மேச டிராயர்ல போட்டுப் பூட்டிட்டு, சாவியக் காணும், சாவியக் காணும்னு தேடிக்கிட்டு இருந்திருக்காவ. தாளாளர் தெனமும் போன்ல கத்தியிருக்காரு. ஆமா, அந்த மனுசனே கத்தியிருக்காரு! நேத்து சாயங்காலம் மணி அடிச்ச பெறவுதான் சாவி கெடச்சுதுன்னு என் கையில குடுத்தாவ. போன வாரமே குடுத்திருந்தா நான் பொட்டிய கட்டியிருப்பேன், பால்காரன்கிட்ட சொல்லியிருப்பேன். பொறுப்பில்லாத அம்மா. "இப்பவா டீச்சர் குடுப்பாவ?"ன்னு கத்தினேன். அந்தம்மா சிரிச்சாவ. திட்டு வாங்கிட்டுச் சிரிக்குத ஆள நான் இப்பத்தான் பாக்கேன். இப்ப அவங்களுக்கும் மெமோ குடுத்திருக்காராம், ஆர்டர தாமதமா குடுத்ததுக்கு. பின்ன, குடுக்க மாட்டாவளா?

மல மேல போறதுக்கு ஒரே பஸ்ஸு, காலையில. அது இந்நேரம் பாதி மல ஏறியிருக்கும். நான் இங்க உங்ககூட உக்காந்திருக்கேன்.

முப்பிடாதியா? அந்தா, டிரைவருக்குப் பின்னால, ரெட்டச் சடை. பக்கத்துல அவ அம்மா. நான் அவங்ககூட வரல அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. நான் என் வேலையா வாரேன், அவங்க அவங்க வேலையா வாராவ. ஒரே பஸ்ஸு, அவ்வளவுதான். என் வீட்டுக்காரிதான் புளியோதரைய மூணு பேருக்குக் கட்டிக் குடுத்திருக்கா. நேத்து ராத்திரி முச்சூடும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு, "வேல போனா என்ன செய்வீய, என்ன செய்வீய"ன்னா. கோவத்துல அளவு தெரியாமப் பொங்கிட்டா போல.

பயமா? இருக்கு. இந்த வயசுல வேற வேல எவன் குடுப்பான்? விசில் ஊதத் தெரியும், கத்தத் தெரியும், வேற என்ன தெரியும் எனக்கு? ஆனா ஒண்ணு கேக்கேன். அந்தப் பிள்ள பாஞ்சு பாஞ்சு நாடியப் பேத்துக்கிட்டது, நான் சொல்லித்தான். என் பேச்ச நம்பி மண்ணுல விழுந்தவ. இன்னைக்கு நான் மல ஏறிட்டேன்னா, அவ விழுந்ததுக்கு யாரு சாட்சி?

இருங்க, போன் அடிக்குது. தாளாளருதான்.

ஹலோ. ஆமா அய்யா, பூதலிங்கம்தான். சத்தமா பேசுங்க, பஸ்ஸுல இருக்கேன்... இல்ல, மல பஸ்ஸு இல்ல. திருநெல்வேலி பஸ்ஸு... ஆமா, அவளும் இருக்கா... என்னது, மன்னிப்பா? என்னன்னு எழுதணும்? கவனக்குறைவா முப்பிடாதி பேரச் சொல்லிட்டேன்னா? எழுதினா மாத்தல ரத்து பண்ணிருவீய, பழைய மைதானமே கெடைக்கும், அதான?... சரி. எழுதலன்னா?... சாயங்காலத்துக்குள்ள மல மேல போயிச் சேரலன்னா நான் வாத்தியார் இல்ல. சரி, கேட்டுக்கிட்டேன். அது சாயங்காலம்தான அய்யா? விடுதியில சரிபாக்குதது மத்தியானத்துக்கு முன்னால. அதுவரைக்கும் நான் வாத்தியார்தான். எனக்கு அது போதும்.

வழி விடுங்க அண்ணாச்சி, விடுதி ஸ்டாப்பு வந்துட்டு, நாங்க எறங்கணும்.